பொறுப்பேற்க ஓர் ஆள்

இரண்டு பேரை வெட்டிப் போட்டால் வெட்டினவன்தான் அதற்குப் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த வெள்ளந்தி மனிதர் சுடலைமுத்து. ஐம்பத்தொரு வயது வரைக்கும் அந்த நினைப்போடுதான் சாப்பிட்டார், தூங்கினார். அப்புறம் ஓர் ஆணையம் குற்றாலத்துக்கு வந்து, ஏழு மாதம் தங்கி, அவருடைய அறியாமையைப் படிப்படியாகப் போக்கியது.

ஐந்தருவியில் அவருக்கு விசில் ஊதுகிற வேலை. அருவியின் ஐந்து கிளைகளில் மூன்று ஆண்களுக்கு, இரண்டு பெண்களுக்கு. நடுவில் இடுப்பளவு இரும்புக் கம்பி. ஆண் யாராவது கம்பியைத் தாண்டினால் விசிலை ஊதி, "ஆம்பிளையாள் அந்தப் பக்கம்" என்று கையைக் காட்ட வேண்டும். பதினாலு வருடமாக இதைத் தினக்கூலிக்குச் செய்தார். பதினாலு வருடமும் வேலை நிரந்தரமாகிவிடும் என்று மேலே இருப்பவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி பொன்செல்வி, அருவிக்குப் போகிற வழியில் ஒரு சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் சீவுகிறவள். நிரந்தரம் என்ற பேச்சை எடுத்தாலே, "பேசாம சோத்தத் தின்னுட்டுப் படுங்க" என்பாள். ஆனாலும் அந்த ஆணை வந்துவிட்டால் மேலகரத்தில் ஒழுகாத வீடு ஒன்று பார்க்கலாம் என்று அவளும்தான் நினைத்திருந்தாள்.

இனி அந்த இரண்டு பேர். புளியங்குடியில் பக்கத்துப் பக்கத்தில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் இரண்டு குடும்பங்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் கேரளாவுக்குப் போன ஒரு லாரி எலுமிச்சை யார் பெயரில் போனது என்று தகராறு. அந்த எலுமிச்சையைப் பிழிந்து குடித்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள், தகராறு மட்டும் திடகாத்திரமாக இருந்தது. ஒரு வீட்டுப் பையன் சாம். மறு வீட்டுப் பெண் குழல்வாய்மொழி. பதிவுத் திருமணத்துக்கு மனு கொடுத்துவிட்டுக் குற்றாலத்தில் ஒரு விடுதியில் ஒளிந்திருந்தார்கள். வேறு வேறு மதம் என்பதால் முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அந்த முப்பது நாளும் பெயர், வயது, விலாசம் எல்லாம் அறிவிப்புப் பலகையில் தொங்கும். பொய் விலாசம் கொடுத்தால் மனு தள்ளுபடி என்று யாரோ சொல்லியிருந்ததால் சாம் விடுதியின் பெயரை அறை எண்ணோடு எழுதிக் கொடுத்திருந்தான். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று பலகையின் அடியில் போட்டிருந்தது. இருபத்தாறாம் நாள் காலை பத்தரை மணிக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து ஐந்தருவியில் ஆட்சேபணையைத் தெரிவித்தன.

முதலில் ஓடி வந்தவள் குழல்வாய்மொழி. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. பின்னாலேயே சாம். வழியில் இருந்த கடைகளின் ஷட்டர்கள் மளமளவென்று இறங்கின. அந்தப் பெண் கம்பியைத் தாண்டிப் பெண்கள் கூட்டத்துக்குள் புகுந்து, "சாம், இங்கன வந்துரு, இங்கன வந்துரு" என்று கையை நீட்டினாள். அங்கே எண்பது பெண்கள் இருந்தார்கள். அந்த நடுவில் போய் நின்றுவிட்டால் எவன் வந்து வெட்டிவிடுவான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். சாம் ஒரு காலைக் கம்பிக்கு மேலே போட்டுவிட்டான்.

சுடலைமுத்து விசில் ஊதினார்.

வேண்டுமென்று ஊதவில்லை. பதினாலு வருடப் பழக்கம், கண் பார்த்ததும் வாய் ஊதிவிட்டது, கையும் தானே உயர்ந்தது. "ஏ தம்பி, ஆம்பிளையாள் அந்தப் பக்கம்." நல்ல பிள்ளை அவன். விசில் சத்தம் கேட்டதும் போட்ட காலை எடுத்துவிட்டான். எடுத்துவிட்டுத்தான், "அண்ணாச்சி, வெட்ட வாராங்க" என்றான்.

அதற்குள் சாமின் சித்தப்பா ஞானதுரை அவன் தலைமுடியைப் பிடித்துவிட்டார். பெண்ணின் அண்ணன் மாரிராஜ் அரிவாளை ஓங்கினான். முதல் வெட்டைத் தடுக்கப் போன கையில் மூன்று விரல்கள் போயின. அடுத்தது கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில். ஞானதுரை முடியை விடவே இல்லை, வெட்டுக்கு வாகாகத் தலையைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தார். அப்போது குழல்வாய்மொழி கம்பியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள். பத்திரமான இடத்தை விட்டுவிட்டு வந்து அவன் மேல் விழுந்தாள். சுடலைமுத்து இன்னொரு தடவை ஊதினார். ஆள் கூட்டுவதற்காக ஊதினாரா, ஒரு பெண்பிள்ளை ஆண்கள் பக்கம் வந்துவிட்டாள் என்பதற்காக ஊதினாரா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. இந்த ஒரு விஷயம்தான் அவரைத் தின்றது.

சாமுக்குப் பதினொரு வெட்டு, குழல்வாய்மொழிக்கு ஒன்பது. முடிந்ததும் வெட்டியவனும் பிடித்தவரும் அரிவாளை அருவியில் கழுவினார்கள், முறைப்படி ஆண்கள் பக்கத்தில். தண்ணீர் சிவந்து, பிறகு வெளுத்தது. குளித்துக்கொண்டிருந்த இருநூறு பேரையும் போலீஸ் விசாரித்தபோது அத்தனை பேரும் கண்ணில் சோப்பு இருந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

பத்து நாளில் அரசு ஆணையம் அமைத்தது. 'காதலர் மரணப் பொறுப்பு நிர்ணய ஒருநபர் ஆணையம்' என்று பெயர். அந்த ஒருநபரில் மொத்தம் பதினொரு பேர் இருந்தார்கள். தலைவர் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்ற நாளில் இருந்து ஏதாவது ஓர் ஆணையத்தில் ஓய்வே இல்லாமல் இருப்பவர். சாரல் தொடங்குகிற வாரத்தில் அவர்கள் வந்து இறங்கினார்கள்.

சுடலைமுத்து முதல் ஆளாகப் போய் நின்றார். ஆணையத்தின் அலுவலகக் கண்காணிப்பாளர் முத்துசெல்வி படிவத்தை எடுத்தாள். நாற்பது வயது இருக்கும், வேலையில் சூட்டிகை, கையெழுத்து அச்சு அடித்த மாதிரி.

"என்ன பாத்திய, சொல்லுங்க அண்ணாச்சி."

"மாரிராஜ் வெட்டுனாரும்மா. ஞானதுரை முடியப் பிடிச்சிருந்தாரு."

முத்துசெல்வி படிவத்தை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்குக் கட்டம் இல்லியே. இயற்கை, விதி, வளர்ப்பு, செல்போன், இதர. இவ்வளவுதான் இருக்கு."

"அப்போ இதரயில போடும்மா."

"இதரயில ஏற்கனவே குரங்கு இருக்கு. கேமராவ வானத்தப் பாக்கத் திருப்பி வச்சிட்டுன்னு பதிஞ்சாச்சு. நீங்க சொல்லுதது கொலை. அதப் போலீஸ்ல சொல்லுங்க."

"போலீஸ்லதான் ஆணையத்துல சொல்லச் சொன்னாங்க."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க. யாரு பொறுப்புன்னு நாங்க முடிவு பண்ணினாத்தான் அவங்க பிடிப்பாங்க. அவங்க பிடிச்சாத்தான் நாங்க கட்டம் போடுவோம்."

சுடலைமுத்து கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, "எனக்கும் இதுல பங்கு உண்டும்மா. அந்தப் பையன் தப்பிச்சிருப்பான். நான் விசில் ஊதினேன்" என்றார்.

முத்துசெல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "அண்ணாச்சி, இத இன்னொரு தடவ வாயில எடுத்திராதீய. நீங்க பொறுப்புன்னா நிர்வாகம் பொறுப்பு. நிர்வாகம்னா மேல இருக்கவங்க பொறுப்பு. அப்படியே போய்ப் போய் எங்க நிக்கும்னு யோசிச்சுப் பாத்தியளா?"

அவர் யோசித்துப் பார்த்தார். எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கேயாவது நின்றால் நல்லதுதானே என்று மட்டும் தோன்றியது.

ஆணையத்தின் கள ஆய்வு தினமும் காலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. உடம்பு முழுவதும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தலைவர் அருவிக்கு அடியில் நாற்பது நிமிடம் கண்ணை மூடி நிற்பார். ஆறாவது நாள் வெளியே வந்து துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "இங்கே ஓர் ஆழ்ந்த அமைதி இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்கு இன்னொருவரை வெட்டத் தோன்றுமா? எனக்குத் தோன்றவில்லையே." இது 'தலைவரின் நேரடி அனுபவச் சான்று' என்று கோப்பில் ஏறியது.

சுடலைமுத்து அவரைக் கம்பிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், பாறை இடுக்கில் இன்னும் கறுப்பாக ஒட்டியிருந்த ரத்தக் கறையைக் காட்டினார். தலைவர் குனிந்து பார்த்தார். இது மங்குஸ்தான் தோலின் கறையாக இருக்க வாய்ப்பு உண்டு என்றார். அந்த வாய்ப்பை ஆராயத் தோட்டக்கலை நிபுணர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். அவர் மூன்று நாள் தங்கி எட்டுக் கிலோ மங்குஸ்தான் சாப்பிட்டு, வாய்ப்பு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

பிறகு சோப்பு விசாரணை. இருநூறு பேருக்கு அழைப்பாணை போனது, நாற்பத்தொரு பேர் வந்தார்கள். அத்தனை பேரும் கண்ணில் சோப்பு என்றார்கள். ஐந்தருவியில் சோப்பு போடுவதற்குத் தடை இருப்பதை உறுப்பினர் ஒருவர் நினைவூட்டினார். தலைவரின் முகம் கறுத்தது. "ஒரு புனிதமான நீர்நிலையில் நாற்பத்தொரு பேர் பட்டப்பகலில் சோப்பு போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மனசாட்சி இல்லையா? உங்கள் கை நடுங்கவில்லையா?" என்று கேட்டார். நாற்பத்தொரு பேரும் தலை குனிந்து அபராதம் கட்டினார்கள். அந்தச் சம்பவத்தில் முதன்முதலாகத் தண்டனை பெற்றவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக வந்த ஆசிப் என்ற கடையநல்லூர்ப் பையன் மட்டும், "நான் சோப்பு போடல சார். வெட்டுனதப் பாத்தேன். ஆள அடையாளம் காட்டுவேன்" என்றான். தலைவர் அவனை மதிய உணவுக்குப் பிறகு வரச் சொன்னார். மதிய உணவுக்குள் வாகனம் நிறுத்துகிற இடத்தில் அவனை ஐந்தாறு பேர் இரும்புக் குழாயால் அடித்தார்கள். முழங்கால் சில்லு இரண்டும் உடைந்தன, கீழ்த்தாடை பெயர்ந்தது. சுடலைமுத்துதான் ஓடிப் போய்த் தூக்கினார். பையனின் பல் ஒன்று அவர் சட்டைப் பைக்குள் விழுந்திருந்ததை வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தார். சாட்சி பாசியில் வழுக்கி விழுந்துவிட்டதாக ஆணையம் பதிவு செய்தது. தார் போட்ட இடத்தில் பாசி எப்படி வந்தது என்று சுடலைமுத்து கேட்டார். அதற்குத் தனியாக ஒரு துணைக்குழு இருப்பதாகச் சொன்னார்கள்.

அன்று பொன்செல்வி அந்தப் பல்லைக் காகிதத்தில் மடித்து ஜன்னல் மேல் வைத்தாள். "உங்களுக்கும் இப்படி ஆகணும்னு இருக்கா? ஊதுனது ஊதியாச்சு. செத்ததுக ரெண்டும் எந்திரிச்சா வரப் போவுது? பேசாம இருங்க" என்றாள். குரல் கடுகடுவென்று இருந்தது. ஆனால் அவளும் சாப்பிடவில்லை.

நாலாம் மாதம் குடும்பத்தாரின் வாக்குமூலம். மாரிராஜ் வெள்ளைச் சட்டையில் வந்தான். அவனிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை, மனம் விட்டுப் பேசச் சொன்னார்கள். அவன் விட்டுப் பேசினான்.

"ஐயா, எந்தங்கச்சி மேல நான் உசுரையே வச்சிருந்தேன். அவளுக்குக் காய்ச்சல்னா நான்தான் தூக்கிட்டு ஓடுவேன். அப்படி வளத்த பிள்ளைய, இன்னொருத்தன் கைபட விட்டுருவேனா? அதான் என் கையாலயே. அவ கடைசியா 'அண்ணே'ன்னு சொன்னா ஐயா. அந்தச் சத்தம் இன்னும் காதுல கேக்குது. அப்பவும் நான் நிறுத்தல. பாசத்துக்கு நிறுத்தத் தெரியாதுல்லா ஐயா."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்படியொரு அண்ணன் இந்தக் காலத்தில் கிடைப்பாரா?" என்றார். அது வாக்குமூலம் அல்ல, உடன்பிறந்தோர் பாசம் பற்றிய உரை என்று குறிப்பு எழுதப்பட்டது.

ஞானதுரை எழுந்தார். அவர் வியாபாரி, சுருக்கமாகப் பேசினார். "ரெண்டு வீட்டுக்கும் முப்பது வருஷமா பேச்சுவார்த்தை இல்லீங்க. கல்யாணத்துக்கு வரமாட்டோம், சாவுக்கு வரமாட்டோம். அந்த இருபத்தாறாம் நாளுக்கு முந்தின நாள் மாரிராஜ்தான் எனக்குப் போன் பண்ணாரு. மனசுவிட்டுப் பேசினோம். காலையில ஒரே கார்ல வந்தோம். வழியில ஒரே இலையில இட்லி தின்னோம்."

"அப்படியானால் பகை?" என்று கேட்டார் தலைவர்.

"தீந்துட்டுங்க. அன்னையோட சுத்தமாத் தீந்துட்டு."

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். தலைவர் எழுந்து நின்றே பேசினார். "முப்பது ஆண்டுப் பகையை அரசால் தீர்க்க முடியவில்லை, நீதிமன்றத்தால் முடியவில்லை. இந்த இரு பெரிய மனிதர்கள் ஒரே முற்பகலில் தீர்த்திருக்கிறார்கள். மருத்துவ அறிக்கையை நான் கவனமாகப் படித்தேன். பதினொன்றும் ஒன்பதும். கிட்டத்தட்ட சமம். எந்தப் பக்கத்துக்கும் பாரபட்சம் காட்டப்படவில்லை. நல்லிணக்கம் என்றால் வேறு என்ன?"

சுடலைமுத்து வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மண்டபத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

ஆறாம் மாதம் ஆணையம் சம்பவத்தை நடித்துப் பார்க்க முடிவு செய்தது. அரிவாள் ஓங்கிய கை எவ்வளவு உயரம் போனது, யார் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் அளக்க வேண்டுமாம். வெட்டியவர்களாக யார் நடிப்பது என்ற கேள்வி வந்தபோது, அனுபவம் உள்ளவர்களையே கேட்டுக்கொள்ளலாம் என்று தலைவர் சொன்னார். மாரிராஜும் ஞானதுரையும் பொதுநலன் கருதிச் சம்மதித்தார்கள். குழல்வாய்மொழியாக முத்துசெல்வி. சுடலைமுத்துவின் விசிலை வாங்கி ஓர் இளம் காவலரிடம் கொடுத்தார்கள். சாமாக நடிக்க யாரும் முன்வரவில்லை. இடம் தெரிந்தவர் என்று சுடலைமுத்துவைத் தள்ளிவிட்டார்கள்.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஓடுங்கள்" என்றார்.

சுடலைமுத்து ஓடினார். நடிப்புதானே என்று மெதுவாகத்தான் தொடங்கினார். பின்னால் மாரிராஜின் காலடி கேட்டது. அந்தக் காலடியில் நடிப்பு இல்லை. திரும்பிப் பார்த்தார். அவன் கையில் ஆணையம் கொடுத்த அட்டை அரிவாளைக் காணோம், நிஜமான புளியங்குடி அரிவாள் இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் முத்துசெல்வி காகிதத்தைப் பார்த்து, "சாம், இங்கன வந்துரு" என்று வாசித்தாள். சுடலைமுத்து கம்பிக்கு மேலே காலைப் போட்டார்.

காவலர் விசில் ஊதினார். "ஆம்பிளையாள் அந்தப் பக்கம்."

அந்தச் சத்தத்தை அவர் பதினாலு வருடம் தன் வாயால் ஊதியிருக்கிறார், காதால் கேட்டது அன்றைக்குத்தான். கால் தானாக நின்றது. உயிர் போகிற நேரத்திலும் ஒரு விசிலுக்குக் கட்டுப்படுகிற உடம்பு அவருக்கும் இருந்தது. நின்ற அந்த ஒரு நொடியில் ஞானதுரை அவர் முடியைப் பிடித்துத் தலையைத் திருப்பினார். அரிவாள் இடது தோளில் இறங்கி எலும்பில் நின்றது. இரண்டாவது வெட்டு முழங்கையில். "அண்ணாச்சி, வெட்டுதாங்க" என்று அவர் கத்தியது யாரிடம் என்று அவருக்கே தெரியவில்லை. முத்துசெல்வி காகிதத்தைப் போட்டுவிட்டு அலறினாள்.

"போதும், உயரத்தை அளந்தாகிவிட்டது" என்றார் தலைவர்.

சுடலைமுத்துவுக்கு இருபத்தாறு தையல் போட்டார்கள். ஒத்திகை ஆர்வத்தில் நேர்ந்த சிறு காயம் என்று கோப்பில் வந்தது. மாரிராஜ் மருத்துவமனைக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, "அன்னைக்கு நெனப்பு வந்துட்டு அண்ணாச்சி, கை நிக்கல" என்று வருத்தம் தெரிவித்தான். சுடலைமுத்து ஆப்பிள் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். தோள் வலிக்கிறதா என்று பொன்செல்வி கேட்டபோது, "அந்தப் பயலுக்கு இப்படித்தான இருந்திருக்கும்" என்றார்.

ஏழாம் மாதம் அறிக்கை தயாரானது. ஆயிரத்து நூறு பக்கம். முடிவு கடைசிப் பக்கத்தில் இருந்தது: மரணத்துக்குக் காரணம், சம்பந்தப்பட்ட இருவரும் தத்தமக்கு உரிய பக்கத்தில் நிற்காமல் கம்பியைத் தாண்டித் தாண்டிப் போனதே. தீர்வு, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் இடையே பத்தடிச் சுவர். சுவரைக் கட்டித் தர இரண்டு மண்டிக் குடும்பங்களும் கூட்டாக முன்வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட நேரத்திலும் விதியை நிலைநாட்டிய பணியாளருக்குப் பாராட்டுப் பத்திரமும் பணி நிரந்தரமும்.

முத்துசெல்வி ஆணையை அவர் முன்னால் வைத்தாள். கோபுர முத்திரை போட்ட தாள், அவர் பெயர் பிழையில்லாமல் இருந்தது. பக்கத்தில் இன்னொரு தாள்.

"இதுல 'அறிக்கையை ஏற்கிறேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, அத எடுத்துக்கிடுங்க." அவள் குரல் தாழ்ந்தது. அந்த ஒத்திகைக்கு அப்புறம் அவள் சரியாகத் தூங்குவதில்லை என்று முகமே சொன்னது. "எழுதிருங்க அண்ணாச்சி. வேற எதுவும் வேண்டாம். அக்காவ நெனச்சுக்கிடுங்க."

சுடலைமுத்து பொன்செல்வியை நினைத்துக்கொண்டார். ஒழுகாத வீட்டை நினைத்துக்கொண்டார். பேனாவை எடுத்து, நல்ல கையால், பெரிய எழுத்தில் எழுதினார். வெட்டியது மாரிராஜ். பிடித்தது ஞானதுரை. விசில் ஊதித் திருப்பி அனுப்பியது நான். மூன்று பேரும் பொறுப்பு. இப்படிக்கு, சுடலைமுத்து.

தலைவர் அதை இரண்டு முறை படித்தார். முதலில் கோபப்பட்டார், பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "மூன்று பெயர்கள் இருக்கின்றன. ஆனால் கையெழுத்து எத்தனை? ஒன்று. பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் ஒருவர்தான். ஏழு மாதமாக நாம் தேடிய ஆள் இவர்தான்" என்றார். அறிக்கையின் கடைசிப் பக்கம் மட்டும் மாற்றி அடிக்கப்பட்டது. மாலைக்குள் சுடலைமுத்துவைக் கைது செய்தார்கள். மாரிராஜும் ஞானதுரையும் அரசுத் தரப்புச் சாட்சிகள்.

ஒப்புக்கொள்ளாதவனை ஒப்புக்கொள்ள வைக்க அடிப்பது வழக்கம். ஒப்புக்கொண்டவனை எதற்காக அடிப்பது என்று முதலில் காவலர்களுக்கே பிடிபடவில்லை. பிறகு மேலே இருந்து விளக்கம் வந்தது. மற்ற இரண்டு பெயர்களையும் அவர் வாபஸ் வாங்க வேண்டும். லத்தியால் உள்ளங்காலில் அடித்தார்கள். தையல் போட்ட தோளில் முட்டியை வைத்து அழுத்தினார்கள். தையல் பிரிந்தது. "ஏலே, வெட்டுனது யாரு?" என்று கேட்டார்கள். "மாரிராஜ்" என்றார். வலது கைச் சுண்டுவிரலை மடக்கி ஒடித்தார்கள். "பிடிச்சது யாருலே?" "ஞானதுரை." மூன்று நாள் இது நடந்தது. நாலாவது நாள் அடித்த காவலருக்கே கை வீங்கிவிட்டது. அடிபடுகிறவர் ஒத்துழைக்க மறுப்பதாக எழுதி அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

பொன்செல்வி பார்க்க வந்தாள். நடுவில் இரண்டு கம்பி வலை. சுடலைமுத்துவை முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. வாங்கிக்கொண்டு வந்த பழத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். சுவர் எழும்பிவிட்டதாகச் சொன்னாள். மாரிராஜ்தான் திறந்துவைத்தானாம்.

"கோவமா இருக்கியா? ஆர்டர் கையில வந்தும் விட்டுட்டேன்னு" என்றார் அவர். உதடு கிழிந்திருந்ததால் சொல் சரியாக வரவில்லை.

"இல்ல."

"எழுதாம வந்திருந்தா, தெனமும் அந்தக் கம்பிகிட்ட நின்னு நான் எப்படி ஊத முடியும் சொல்லு. அந்தப் பயல நான்தான திருப்பி அனுப்புனேன்."

பொன்செல்வி வலையைப் பிடித்துக்கொண்டாள். ஏழு மாதமாக அவள் கடுகடுத்ததற்கும் சாப்பிடாமல் எழுந்ததற்கும் காரணம் அப்போதுதான் வெளியே வந்தது.

"நீங்க அனுப்பினது ரெண்டாவது. மொதல்ல அந்தப் பிள்ள எங்கிட்டத்தான் வந்தா" என்றாள். "கடைக்குள்ள ஒரு கால வச்சிட்டா. ஒரு செருப்பு அங்கனதான் கழண்டுச்சு. பின்னால அவனுவ வாரத நான் பாத்தேன். எண்ணெய் கொதிச்சுக்கிட்டிருந்துச்சு, கடையில நான் ஒருத்திதான். அவ நெஞ்சில கைய வச்சு வெளிய தள்ளிட்டு ஷட்டர இறக்கிட்டேன்."

சுடலைமுத்து திறந்திருந்த ஒரு கண்ணால் அவளைப் பார்த்தார். திட்டவில்லை. அழவும் இல்லை. ஒடிந்த விரலோடு இருந்த கையை வலையின் மேல் வைத்தார்.

"என்ன சொன்னா அவ?"

"ஒண்ணும் சொல்லல. 'யக்கா'ன்னா. மேல சொல்லதுக்குள்ள நான் இறக்கிட்டேன்."